எத்தனை எலும்பு இருந்தால் ஒரு ஜனாஸா?

ஆசிரியர் கலாசாலையில் வரலாறு பயின்ற நாட்களில் எங்களுக்கு எலும்பு என்றால் பலாங்கொடை மனிதன்தான். பாஹியன் குகையில் முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கிடந்த மனிதர்களின் பல்லையும் மண்டையோட்டையும் வைத்து எதையெல்லாம் சொல்லலாம் என்று விரிவுரையாளர் விளக்குவார். நாங்கள் குறிப்பெடுத்தோம், பரீட்சை எழுதினோம், மறந்தோம். அந்த எலும்புகளுக்காக அழ ஒருவரும் இல்லை. உம்மாமார் உயிரோடிருக்கும் எலும்புகளிடம் அதே அறிவு போகும்போது என்ன நடக்கிறது என்பதைப் பொஸ்னியாவைப் பற்றி வாசித்த பிறகே அறிந்தேன்.

ஐ.நா. பாதுகாப்பு வலயமாக அறிவித்திருந்த ஸ்ரெப்ரெனிகா நகரைப் பொஸ்னிய சேர்பியப் படைகள் 1995 யூலை 11இல் கைப்பற்றின. சில நாட்களுக்குள் சுமார் எண்ணாயிரம் முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். எனக்கு அப்போது பதினைந்து வயது. எங்கள் பள்ளிவாசலில் அவர்களுக்காகக் குனூத் ஓதியது ஞாபகம். கொலைக்குப் பின்னர் அந்த உடல்களுக்கு நடந்ததை அன்று எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

ஒகஸ்ட் 10ஆம் திகதி ஐ.நா. பாதுகாப்புச் சபையில் அமெரிக்கா வான்வழிப் புகைப்படங்களைக் காட்டியது. புதிதாகக் கிளறப்பட்ட மண் அவற்றில் தெரிந்தது. செய்தவர்கள் உஷாரானார்கள். செப்டெம்பரிலும் ஒக்டோபரிலும், நாம் பெக்கோ என்று சொல்லும் இயந்திரத்தால் புதைகுழிகளைத் திரும்பத் தோண்டி, உடல்களை லொறிகளில் ஏற்றித் தூரத்துப் பள்ளத்தாக்குகளில் வேறு குழிகளில் கொட்டினார்கள். உக்கத் தொடங்கியிருந்த உடல்களை இயந்திரத்தின் பற்கள் பிய்த்தன. ஒருவருடைய தலை ஒரு குழியிலும், தொடையெலும்பு பல கிலோமீற்றருக்கு அப்பால் இன்னொரு குழியிலும் போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

ஹேக் நீதிமன்றத்துக்காக அங்கு தோண்டியவர்களுள் ரிச்சர்ட் ரைட் முக்கியமானவர். அவுஸ்திரேலியத் தொல்லியல் பேராசிரியர். எலும்பை எடுப்பதற்கு முன்பு மண்ணைப் படிப்பது தொல்லியலாளனின் பழக்கம். எந்த அடுக்கு எதன் மேல், எந்த மண் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பான். அந்தப் பழக்கம் இங்கே கைகொடுத்தது. கொஸ்லுக் என்ற இடத்தில் கொலை நடந்த நிலம், போத்தல் தொழிற்சாலையின் உடைந்த கண்ணாடி கொட்டப்பட்ட நிலம். அதே பச்சைக் கண்ணாடித் துண்டுகள், கண்ணாடிக்குச் சம்பந்தமேயில்லாத ஒரு பள்ளத்தாக்கின் குழியில், எலும்புகளோடு கலந்து கிடந்தன. க்ராவிட்சாவில் மனிதர்களை அடைத்துச் சுட்ட களஞ்சியத்தின் சுவர்ச்சாந்தும் இதே மாதிரி உடல்களோடு குழிக்குப் போயிருந்தது. மகரந்தத் தூளும் சாட்சிக்கு வந்தது. மறைக்கவென்று செய்த வேலையே எந்தக் குழி எந்தக் குழியின் பிள்ளை என்று காட்டிக் கொடுத்துவிட்டது.

“போரில் இறந்தவர்கள்” என்றது எதிர்த்தரப்பு. நானூறுக்கும் மேற்பட்ட கண்கட்டுகளும், அதேபோல் நானூறைத் தாண்டிய கைக்கட்டுகளும் மண்ணிலிருந்து வந்தன. சில எலும்புக் கைகளில் சேய்கோ கடிகாரங்கள் இருந்தன. கையசைவில் தானாகவே சாவி ஏறும் வகை. அசைவு நின்றால் ஒன்றரை, இரண்டு நாளில் அதுவும் நின்றுவிடும். நின்ற முகப்பில் கிழமையும் திகதியும் இருந்தன. 2001இல் ஜெனரல் கிறிஸ்டிச்சுக்கு எதிரான தீர்ப்பில் இந்தப் புதைகுழிச் சான்றுகளுக்குப் பெரிய இடமுண்டு. மிலாடிச் 2017இல் ஆயுள் தண்டனை பெற்றார்; 2021இல் அது உறுதியானது.

நீதிமன்றத்துக்கு இது போதும். உம்மாவுக்குப் போதாது. அவளுக்கு எண்ணிக்கை வேண்டாம், பெயர் வேண்டும்.

இடுப்பெலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லலாம். தொடையெலும்பின் நீளத்திலிருந்து உயரத்தைக் கணிக்கலாம். காறையெலும்பின் உள்முனை இருபதுகளின் பிற்பகுதியில்தான் முழுதாக ஒட்டும், அதை வைத்து இளைஞனைப் பிரித்தறியலாம். ஆனால் ஸ்ரெப்ரெனிகாவில் இறந்தோர் ஏறத்தாழ அனைவரும் ஆண்கள். ஒரே வட்டாரம், ஒரேவிதமான உடை, அதுவும் சிதறிய எலும்புகள். கலாசாலையில் படித்த அந்த அளவுகோல்கள் இங்கு தோற்றன. 1996இல் உருவான காணாமற்போனோருக்கான சர்வதேச ஆணைக்குழு மரபணுவை நாடியது. 22,000க்கும் மேற்பட்ட உறவினர்கள் இரத்தம் கொடுத்தார்கள். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் கொடுத்தால்தான் பொருந்தும். மனைவியின் இரத்தம் கணவனின் எலும்போடு பேசாது. 2001 நவம்பரில் முதல் பெயர் கிடைத்தது. இப்போது ஏழாயிரத்தை நெருங்குகிறது.

பெயர் கிடைத்த பிறகுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றும் கேள்வி வருகிறது. உங்கள் மகனின் தொடையெலும்பு ஒன்றும் தாடையும் கிடைத்திருக்கிறது என்று சொல்கிறார்கள். அடக்குவதா, மீதிக்குக் காத்திருப்பதா? மையித்தின் ஒரு பகுதி கிடைத்தாலும் குளிப்பாட்டித் தொழுவிக்க வேண்டும் என்பது நமது ஷாபிஈ மத்ஹப். பொஸ்னியர் பின்பற்றும் ஹனபி மத்ஹபில் உடலின் பெரும்பகுதியோ, தலையோடு பாதியோ வேண்டும் என்பது பொதுவிதி. அந்த விதியை எழுதிய இமாம்கள் பெக்கோவைக் கண்டவர்களல்லர். சிலர் கிடைத்ததை அடக்குகிறார்கள். பின்னர் வேறு எலும்பு அடையாளம் காணப்பட்டால் கபுறைத் திறந்து சேர்க்கிறார்கள். சிலர் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பொட்டொச்சாரி மையவாடியில் 2003 முதல் அடக்கம் நடக்கிறது. யூலை 11இல் பச்சைத் துணி போர்த்திய தாபூத்துகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். பாரம் தூக்குபவருக்குத்தான் தெரியும்.

எங்கள் அடுத்த வளவில் ஒரு மாமி இருக்கிறா. கருவாடு வாங்க மன்னார்ப் பக்கம் போன அவவுடைய கணவர் 1990இல் திரும்பவில்லை. மவுத்து என்று எவரும் சொல்லாததால் அவ இத்தா இருக்கவில்லை. 2018இல் மன்னாரில் கட்டடத்துக்கு அத்திவாரம் தோண்டிய இடத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தபோது, பத்திரிகையில் அந்தச் செய்தி வரும் நாளெல்லாம் என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னா. 2019 மார்ச்சில் புளோரிடா ஆய்வுகூடத்தின் காபன் அறிக்கை வந்தது. பரிசோதித்த எலும்புகள் 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என்றது. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா.

“வேற எடத்துல தோண்டினா நானும் ரத்தம் குடுக்கலாமா மகன்?”

மனைவியின் இரத்தம் உதவாது, பிள்ளைகள் இல்லையென்றால் அவருடைய உடன்பிறந்தோர் வேண்டும் என்றேன்.

“தங்கச்சி ஒராள் மூதூர்ல இருக்கா. அவக்கும் இப்ப ஏலாது.”