கால் மில்லிமீட்டர் கணக்கு

வண்டியில் யார் ஏறலாம் என்பதற்கு இந்த மண்ணில் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதை நம்மவர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர் மேல் எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 ஜூனில் அது பதினொன்றாயிற்று. குடை பிடிக்காதே, செருப்புப் போடாதே என்று ஆரம்பித்தது, எந்தக் காரியத்துக்கும் வாகனம் கூடாது என்பதுவரை போனதை ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். ஏறிய வண்டியை நிறுத்துவதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. அது பட்டறைக்குள் கிடக்கிறது. எழுதுகிறவர்கள் பட்டறைக்குள் வருவதில்லை. வந்தாலும் வண்டியை விட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடுகிறார்கள்.

நான் கடைசல்காரன். ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவன். ஊர் நல்லம்பள்ளி. தருமபுரியிலிருந்து சேலம் போகிற ரோட்டில் இருக்கிறது. முன்னே ஏழாம் நம்பர் ரோடு, இப்போது நாற்பத்து நாலு. தெற்கே போனால் தொப்பூர் கணவாய். பிரேக் என்றால் என்ன என்று எங்க ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. 2020 டிசம்பரில் இறக்கத்தில் நிற்காமல் வந்த லாரி வரிசையாக வண்டிகளை இடித்து நாலு பேர் செத்தார்கள். 2024 ஜனவரியில் மறுபடியும் அதே கணவாய், மறுபடியும் நாலு உயிர்.

நாங்கள் லேத் பிடித்ததே ஒரு சண்டையில் கிடைத்தது. 1942 அக்டோபரில் அம்பேத்கர் வைஸ்ராய்க்குக் கொடுத்த குறைகள் மனுவில், கல்விக்கு உதவி கேட்டதோடு நிற்கவில்லை. ரயில்வே பட்டறைகளிலும் அரசு அச்சகங்களிலும் நம் பிள்ளைகளைத் தொழில் பழகச் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டார். எனக்கு அந்த மனுவில் ரொம்பப் பிடித்த இடம் அதுதான். வக்கீலாக, கலெக்டராக வரணும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். இயந்திரத்தின் முன்னால் நிற்க இடம் கொடு என்று கேட்டவர் அவர். 1961-இல் வந்த தொழில் பழகுநர் சட்டத்தில் நமக்கு இட ஒதுக்கீடு இல்லை. 1973 திருத்தத்தில்தான் சேர்த்தார்கள். முப்பத்தோரு வருசம்!

சட்டம் வாசல் வரைக்கும்தான் கூட்டிவரும். நான் முதலில் போன பட்டறையின் பெயர் வேண்டாம். சர்டிபிகேட்டைப் பார்த்த முதலாளி, அப்பன் பெயரையும் தெருவையும் கேட்டார். அதற்கப்புறம் ரெண்டு வருசம் இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளினேன். "லேத்தத் தொடாதடா, அது கை பழகணும்" என்பார். தொடாமல் கை எப்படிப் பழகும்? மெக்கானிக் கடையிலும் இதே கதைதான். டிரம்மைக் கழற்றினால் உள்ளே பிரேக் ஷூ தேய்ந்த தூள் அப்பியிருக்கும். அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ். அதை வாயால் ஊதித் துடைக்கிற வேலை யாருக்கு வந்தது என்று நான் சொல்லித்தான் தெரியணுமா? நுரையீரலில் போய் உட்கார்ந்தால் கேன்சர்வரை கொண்டுபோகிற தூள் அது. மலம் அள்ளுவதைப் பற்றிப் பேசுகிற நாம் இந்தத் தூளைப் பற்றியும் பேசியிருக்க வேண்டும்.

டிஸ்க் பிரேக் நமக்குத் தாமதமாகத்தான் வந்தது. 1902-லேயே இங்கிலாந்தில் லான்செஸ்டர் காப்புரிமை வாங்கினார். ஹோண்டா 1969-இல் சி.பி. 750 மோட்டார் சைக்கிளில் முன் சக்கரத்துக்கு வைத்தது. நம் நாட்டில் 1983-இல் வந்த ராஜ்தூத் 350, வெளிநாட்டில் டிஸ்க் போட்டு ஓடிய வண்டிதான். இங்கே டிரம்மை மாட்டி விற்றார்கள். எங்க பக்கத்துச் சனம் டிஸ்க்கைக் கண்ணால் பார்த்தது 1999-இல் சி.பி.இசட்., 2001-இல் பல்சர் வந்த பிறகுதான். அதுவும் செகண்ட் ஹேண்டில்.

பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன பையன்கள் காசு சேர்த்து வாங்கிய வண்டிகள் அவை. பேடு தேய்ந்ததைக் கவனிக்காமல் ஓட்டுவார்கள். பேடின் மருந்து தீர்ந்ததும் அதன் முதுகுத் தகடு டிஸ்க்கை அறுக்க ஆரம்பிக்கும். வட்ட வட்டமாகப் பள்ளம் விழும். பிரேக் பிடித்தால் 'கிர்ர்' என்று சத்தம். தகடு கோணியிருந்தால் பிடி விரலுக்குள் துடிக்கும்.

"அண்ணே, புதுத் தட்டுக்குக் காசில்ல. தேச்சுக் குடுங்க, பளபளன்னு."

"தம்பி, பளபளப்பு முக்கியமில்ல. கனம் பாக்கணும்."

பல வண்டிகளில் புது டிஸ்க் 4 மில்லிமீட்டர் கனம். எதுவரை தேயலாம் என்று தகட்டிலேயே பொறித்திருப்பான். 3.5 என்று இருந்தால் ஒரு பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டர்தான் நமக்குச் சொந்தம். அதில் ரோடு தின்றது போக மிச்சத்தில்தான் நான் கைவைக்க வேண்டும். முதலில் மைக்ரோமீட்டரில் நாலைந்து இடம் அளக்கணும், டயல் கேஜ் வைத்துக் கோணல் பார்க்கணும். மோட்டார் சைக்கிள் டிஸ்க் மெல்லிசு, ஸ்டெயின்லெஸ் இரும்பு, உடம்பெல்லாம் ஓட்டை. லேத்தில் கடைந்தால் ஒவ்வொரு ஓட்டையிலும் டூல் முட்டி அதிரும். அலை அலையாக விழும். கிரைண்டிங்தான் சரி. ரெண்டு பக்கமும் சமமாக எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் கழுவி, புதுப் பேடு போட்டு, கொஞ்ச தூரம் மெல்லப் பிடித்துப் பிடித்துப் பழக்கணும். பழைய பேடையே மாட்டினால் செய்த வேலை வீண்.

கம்பெனிக்காரன் தேய்க்கவே கூடாது, மாற்று என்பான். அவன் வியாபாரம் அப்படி என்று நம்ம பட்டறைகளில் சிரிப்பார்கள். பாதிதான் உண்மை. பிரேக் என்பது ஓட்டத்தைச் சூடாக மாற்றுகிற வேலை. தகடு மெலிந்தால் சூட்டைத் தாங்கி வைக்க இரும்பு இல்லை. தொப்பூர் இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கையே பிடித்துக்கொண்டு வந்தால் சூடு ஆயிலுக்கு ஏறும். ஈரம் குடித்த பழைய ஆயில் சீக்கிரம் கொதிக்கும். ஆவி வந்தால் பிடி வெறுமனே கைக்குள் வந்துவிடும். அப்போது பணமில்லாதவன் ஓட்டிய வண்டிதான் லாரிக்கடியில் போகும்.

இந்த வண்டிகள் மேல் எவ்வளவு கண் இருந்தது என்பதை 2012 நவம்பர் 7-இல் பார்த்தோம். நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி. மூன்று ஊரிலும் வீடுகளைச் சூறையாடி எரித்தார்கள். 268 வீடுகள் என்று கணக்கு வந்தது. ஒரு காதல் கல்யாணம்தான் காரணம் என்றார்கள். அப்படியென்றால் வாசலில் நின்ற மோட்டார் சைக்கிள்கள் யாரைக் காதலித்தன? பீரோவும் வண்டியும் தேடித்தேடி எரிந்தன. ஜீன்ஸும் கூலிங் கிளாஸும் அந்த நாட்களில் மேடையிலேயே குற்றமாயிற்று. இளவரசன் 2013 ஜூலை 4-இல் தருமபுரி ரயில் தண்டவாளத்தோரம் பிணமாகக் கிடந்தார்.

2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். நல்லதுதான். ஆனால் எங்க காலனியில் அதற்கு முந்திய வண்டிகளும் இன்னும் ஓடுகின்றன. அளவுக்குக் கீழே போன தகட்டை நான் தேய்த்துக் கொடுப்பதில்லை. "அந்தாண்ட கடையில தேய்க்கறாங்கண்ணே" என்று கோபமாகப் போவார்கள். போகட்டும் என்று விட மனசு வராது. அங்கேயும் நம்ம பையன்தான் கிரைண்டர் பிடிக்கிறான். அதனால் பொறித்திருக்கிற எண்ணை அவனுக்கும் வாசிக்கக் கற்றுக்கொடுத்தேன். பழைய மைக்ரோமீட்டர் ஒன்றையும் கொடுத்திருக்கிறேன்.