ஆழ்நித்திரையில் ஆள்வேறுபாடு

ஆழ்நித்திரை என்பது, மூளையின் மின்னலைகள் விநாடிக்கு நான்குக்குக் குறைவான மந்த அதிர்வுகளாக ஓங்கியெழும் நித்திரைப் பகுதியாகும். கண்விழித்த இரவுக்குப் பின் இது மிகுந்து வருவது யாவர்க்கும் பொதுவாயினும், அம்மிகுதி ஆளுக்கு ஆள் வேறுபடுவதும், ஒருவரை மீண்டும் மீண்டும் சோதித்தாலும் பெரிதும் மாறாதிருப்பதும் இதன் விசேஷ லட்சணங்கள்.

விழித்திருக்குங்கால் மூளையில் சேரும் அடினோசின் என்னும் இரசாயனம் நித்திரையை வரவழைக்க, காஃபீனோ அதன் ஏற்பிகளை அடைத்து அந்த உந்துதலை மறைக்கிறது. சேர்ந்துவிட்ட நித்திரைக் கடனை அது தீர்ப்பதில்லை என்பதே கவனிக்கத்தக்கது. அடினோசினைச் சிதைக்கும் நொதியின் ஒரு மரபணு மாறுபாட்டை உடையோர், மற்றவரினும் சராசரி அரைமணி நேரம் அதிகமாக ஆழ்நித்திரை கொள்வதாக ஜூரிச் நகர ஆராய்ச்சியாளர் 2005இல் வெளியிட்டனர். காப்பியால் ஒருவர் தூக்கம் கெடுவதும் மற்றொருவர் கெடாதிருப்பதும் அடினோசினின் ஏ2ஏ என்னும் ஏற்பியின் மரபணு மாறுபாட்டோடு தொடர்புடையவை என 2007இல் அறியப்பட்டது. கல்லீரல் காஃபீனை வெளியேற்றும் வேகமும் ஒருவர்க்கொருவர் மாறுபடும். உடலில் அதன் அளவு பாதியாகச் சராசரி ஐந்து மணி நேரமாகும்.

மலேசியாவின் ஜொகூரிலிருந்து, நித்திரையைக் குறைத்து வைகறைக்கு முன்னரே எழுந்து சிங்கப்பூருக்குப் பணிக்குச் செல்வோர் பலராதலின், இவ்விஷயம் இப்பிரதேசத்துக்கு மிக நெருங்கியதாகும். அருந்தும் காப்பியின் இனத்தைப் பொறுத்தும் காஃபீன் அளவு மாறும்: மலேசியாவில் பயிராகும் லைபீரிக்கா இனக் காப்பியில் காஃபீன் ரொபஸ்டாவினும் குறைவு.