ஆங்கிலத் தொடர்வினையில் பிரதிப் பெயரின் இடம்: கரிசல் வகுப்பறையிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லும் ‘அவுட்’, ‘அப்’, ‘ஆஃப்’ போன்ற துணைச்சொல்லும் சேர்ந்து ஒரே வினையாக நிற்பதுண்டு. இதனை ஃபிரேசல் வெர்ப் என்பர். தமிழில் தொடர்வினை எனலாம். ‘டேக் அவுட்’ (வெளியே எடு), ‘த்ரோ அவுட்’ (வெளியே எறி), ‘சென்ட் அவுட்’ (வெளியே அனுப்பு) ஆகியவை வெளிநோக்கிய இயக்கத்தைக் குறிக்கும் தொடர்வினைகள். இவற்றில் ‘இட்’, ‘ஹிம்’, ‘தெம்’ போன்ற பிரதிப் பெயர்ச்சொல் செயப்படுபொருளாக வரும்போது, அது வினைக்கும் துணைச்சொல்லுக்கும் நடுவில்தான் நிற்க வேண்டும். ‘டேக் இட் அவுட்’ என்பது சரி. ‘டேக் அவுட் இட்’ என்பது பிழை. பெயர்ச்சொல்லுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ‘டேக் அவுட் த புக்’, ‘டேக் த புக் அவுட்’ இரண்டுமே சரி.

கோவில்பட்டிக்கும் மணியாச்சிக்கும் இடையே உள்ள கடம்பூர் போன்ற கரிசல் ஊர்களின் தமிழ்வழி வகுப்புகளில் ‘டேக் அவுட் இட்’ என்று எழுதுவது வழக்கமாகக் காணப்படும் பிழை. “தமிழிலேயே யோசிப்பதால் வரும் கோளாறு” என்று இதற்குக் காரணம் சொல்லிவிடுவார்கள். தொடர்வினையின் வரலாற்றைப் பார்த்தால் அந்தக் காரணம் பொருந்தவில்லை.

ஆங்கிலத்தில் தோற்றம்

பழைய ஆங்கிலத்தில் ‘அவுட்’ என்பதன் வடிவம் ‘ஊட்’. இது பெரும்பாலும் முன்னொட்டாக வினையின் முன்னே ஒட்டி நின்றது. காலப்போக்கில் இவ்வகை முன்னொட்டுகள் தளர்ந்து வினைக்குப் பின்னால் நகர்ந்தன. இடைக்கால ஆங்கிலத்தின் பிற்பகுதிக்குள் இன்றைய வடிவம் நிலைபெற்றுவிட்டது.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சுச் சொற்களும், அவற்றைத் தொடர்ந்து இலத்தீன் சொற்களும் ஏராளமாகப் புகுந்தன. இலத்தீனில் ‘எக்ஸ்’ என்றால் ‘வெளியே’. எனவே ‘எக்ஸ்பெல்’ என்றால் வெளியே துரத்து. ‘எக்ஸ்ட்ராக்ட்’ என்றால் வெளியே இழு. ‘எக்ஸ்போர்ட்’ என்றால் வெளியே சுமந்து செல். கரிசல் பருத்தி தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கடல் கடந்து போனதை ஏட்டில் ‘எக்ஸ்போர்ட்’ என்று எழுதினார்கள். அதைச் செய்தவர்கள் உண்மையில் மூட்டையை வெளியே சுமந்துதான் சென்றார்கள்.

இதனால் ஆங்கிலத்தில் இரண்டு அடுக்குகள் உண்டாயின. அலுவலகத்துக்கும் தேர்வுக்கும் இலத்தீன் சொல். வீட்டுக்கும் தெருவுக்கும் தொடர்வினை. நம் பிள்ளைகள் பாடநூல் வழியே முதல் அடுக்கை நன்றாகப் படித்தார்கள். வேலைக்குப் போன இடத்தில் காதில் விழுந்ததோ இரண்டாவது அடுக்கு.

அகராதிகளும் பாடத்திட்டங்களும்

சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே, இவ்வகை வினைகள் அயல்மொழியாருக்குப் பெரும் இடர் தருபவை என்று குறிப்பிட்டார். ‘ஃபிரேசல் வெர்ப்’ என்ற பெயரை 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் தம் நூலில் பயன்படுத்தினார். சி. கே. ஆக்டன் 1930இல் 850 சொற்களைக் கொண்ட ‘பேசிக் இங்கிலீஷ்’ திட்டத்தை வெளியிட்டார். அதில் வினைகள் 18 மட்டுமே. ‘டேக்’, ‘புட்’, ‘கெட்’ போன்ற எளிய வினைகளோடு திசை காட்டும் சொற்களைச் சேர்த்தால் மற்ற வினைகளை ஈடுசெய்யலாம் என்பது அவர் கருத்து. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, 1942இல் அங்கே வெளியான தம் அகராதியில் வினை வாய்பாடுகளை வகுத்துக் கொடுத்தார்.

சென்னை மாநிலப் பள்ளிகளுக்கு 1950களில் வாக்கிய அமைப்புகளை அடிப்படையாகக் கொண்ட ஆங்கிலப் பாடத்திட்டம் வந்தது. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுமார் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரும் முயற்சியும் நடந்தது. பயிற்சி பெற்றவர் பிறருக்குப் பயிற்சி தருவது என்று பனிப்பந்து உருண்டு பெருகுவது போல நடந்ததால், அதற்குப் ‘பனிப்பந்து’ என்றே பெயர் வழங்கியது.

பழைய மொழிபெயர்ப்பு முறையில் ‘டேக் அவுட் – வெளியே எடு’ என்று இரண்டு பத்தியாக எழுதி மனப்பாடம் செய்வார்கள். இதில் தமிழ் இருந்தது, ஆனால் முழு வாக்கியம் இல்லை. புதிய முறையில் வாக்கியம் இருந்தது, ஆனால் தாய்மொழியை இயன்றவரை ஒதுக்கச் சொன்னார்கள். இரண்டிலும் தமிழ் வாக்கியத்தை ஆங்கில வாக்கியத்தின் அருகில் வைத்துப் பார்க்கும் வேலை விடுபட்டுப்போனது.

தமிழோடு ஒப்பீடு

திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856இல் வெளியான திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், இம்மொழிகளில் முன்னிடைச்சொல்லுக்குப் பதிலாகப் பின்னிடைச்சொல் வருவதை ஒரு தனி இயல்பாகக் காட்டினார். தமிழில் வினை கடைசியில் நிற்கும். ஆகவே இரு மொழிகளின் வரிசையும் முற்றிலும் மாறுபட்டது என்று தோன்றும். இந்த ஓர் இடத்தில் அப்படி இல்லை.

தமிழ்: அதை – வெளியே – எடு.
ஆங்கிலம்: டேக் – இட் – அவுட்.

‘அதை வெளியே’ என்பதும் ‘இட் அவுட்’ என்பதும் ஒரே வரிசை. வினை மட்டும் கடைசியிலிருந்து முன்னே வந்துள்ளது. ‘வெளியே அதை எடு’ என்று இயல்பாக நாம் சொல்வதில்லை. ஆங்கிலேயரும் ‘அவுட் இட்’ என்று முடிப்பதில்லை. ‘இட்’ முன்பே தெரிந்த பொருளைக் குறிப்பது, அழுத்தம் பெறாது. அழுத்தம் ‘அவுட்’ மீது விழுவதால் அது இறுதியில் நிற்கிறது. கிரிக்கெட் ஆடும் பையன்கள் “அவனை அவுட்டாக்கு” என்கிறார்கள். ‘ஹிம் அவுட்’ என்ற வரிசை அதிலேயே இருக்கிறது.

ஆகவே ‘டேக் அவுட் இட்’ என்ற பிழை தமிழ் வாக்கியத்திலிருந்து வரவில்லை. ‘டேக் அவுட்’ என்பதைப் பிரிக்க முடியாத ஒரே சொல்லாக மனப்பாடம் செய்ததிலிருந்து வருகிறது.

இன்னொரு ஒப்புமையும் உண்டு. 1942இல் ‘குவிட் இந்தியா’ என்ற முழக்கம் தமிழில் ‘வெள்ளையனே வெளியேறு’ என்று ஒலித்தது. ‘வெளியேறு’ தன்வினை; ‘வெளியேற்று’ பிறவினை. தமிழ் ‘று’வை ‘ற்று’ ஆக்கிச் செய்வதை, ஆங்கிலம் நடுவில் ஒரு பிரதிப் பெயரை நுழைத்துச் செய்துவிடுகிறது: ‘கெட் அவுட்’ என்றால் வெளியேறு, ‘கெட் ஹிம் அவுட்’ என்றால் அவனை வெளியேற்று.

கற்பிக்கும் வழி

வெளிநோக்கிய இயக்கத்தைச் சொல்லும் இவ்வினைகளில் வேற்றுமை உருபே வழிகாட்டும். தமிழில் ‘அதை’ என்று இரண்டாம் வேற்றுமை வந்தால் பிரதிப் பெயர் நடுவில் நிற்கும்: ‘புல் இட் அவுட்’, அதை வெளியே இழு. ‘அதிலிருந்து’ என்று வந்தால் ‘ஆஃப்’ சேர்ந்து பிரதிப் பெயர் இறுதியில் நிற்கும்: ‘கம் அவுட் ஆஃப் இட்’, அதிலிருந்து வெளியே வா.

முதல் தலைமுறையாக ஆங்கிலம் படிக்கும் பிள்ளையிடம் “உன் தமிழ்தான் தடை” என்று சொன்னால், அது வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரே முதலைப் பறித்ததாகும். இந்த ஒரு விதியிலாவது அந்த முதலைக் கொண்டே பாடத்தைத் தொடங்கலாம்.