ஆதிக்குடிகளின் நிலமும் தொல்லியல் அளவையும்: இலங்கை வேடரை முன்னிறுத்திய ஒரு நோக்கு

இலங்கைத் தொல்லியல் என்றதும் அநுராதபுரத்துத் தாதுகோபங்களும் சிகிரியாவின் ஓவியங்களுமே நினைவுக்கு வருவது வழக்கம். இரத்மலானை தொடக்கம் கொட்டாஞ்சேனை வரை நெருங்கி வாழும் நகரவாசிக்கு மட்டுமன்றி, அறிஞர் உலகிற்கும் நெடுங்காலம் இதுவே நிலையாயிருந்தது. 1890இல் எச். சி. பி. பெல் என்பாரின் தலைமையில் தொடங்கிய தொல்பொருளாய்வு, அரசரும் துறவியரும் விட்டுச்சென்ற கட்டடங்களையே முதன்மையாக நாடியது. கல்லெழுத்தும் கோயிலும் விட்டுச்செல்லாத மாந்தரின் நிலத்தை அளப்பது எங்ஙனம் என்னும் வினா பின்னரே எழுந்தது.

சுவிற்சலாந்து நாட்டவரான போல் சரசின், பிரிட்ஸ் சரசின் ஆகிய இருவரும் 1907இல் நில்கலைப் பகுதிக் குகைகளை அகழ்ந்து, படிகக்கற் கருவிகளைக் கண்டெடுத்தனர். கற்கால மக்களின் வழித்தோன்றல்களே வேடர் என்பது அவர்தம் முடிபு. பின்னர் பி. இ. பி. தெரணியகல பலாங்கொடைப் பண்பாட்டை இனங்கண்டார். அவர்தம் மைந்தர் சிரான் தெரணியகல நாட்டின் பலவிடங்களிலும் மேற்கொண்ட அளவையும் அகழ்வும் இரணைமடு மண்படிவுகளிலிருந்து பட்டதொம்பலென வரை ஒரு தொடர்ச்சியான வரலாற்றை வகுக்க உதவின. புளத்சிங்களைக்கு அண்மையிலுள்ள பாஹியன் குகையில் மனிதர் வாழ்ந்த காலம் இன்று ஏறத்தாழ 48,000 ஆண்டுகள் முற்பட்டதெனக் கணிக்கப்படுகின்றது. குரங்கு, அணில் ஆகியவற்றின் எலும்புகளும், மர நத்தை ஓடுகளும், கெக்குன விதைகளும் மழைக்காட்டையே உணவுக்களமாகக் கொண்ட வாழ்வைப் புலப்படுத்துகின்றன. உள்நாட்டுக் குகைகளிற் கிடைத்த கடற்சிப்பி மணிகள் கரையோரத்துடன் இருந்த தொடர்பைக் காட்டுவன.

எனினும் இவ்வாய்வுகளில் ஒரு குறைபாடு உண்டு. சரசின் போன்றோர் வேடரைக் கற்காலத்தின் எச்சமாக நோக்கினரேயன்றி, நிலத்தை அறிந்த சாட்சிகளாக நோக்கினாரல்லர். 1911இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் நூல் இவ்வகையிற் சிறப்புடையது. ஒவ்வொரு குடும்பக் குழுவும் தனக்கென வேட்டை நிலமும், தங்கும் பாறைக் குகைகளும், தேன் கொள்ளும் மலைச்சரிவுகளும் உடையதாயிருந்தமையை அவர்கள் பதிவுசெய்தனர். ஆள் நடமாட்டமற்ற காடெனப் புறத்தார் கருதியது, உள்ளே வாழ்ந்தோருக்கு எல்லையும் உரிமையும் கொண்ட நாடாகவே இருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வுண்மை ஏட்டளவில் நின்றுவிட்டமையின் விளைவு பாரதூரமானது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர்த்தேக்கம் வேடர் வாழ்ந்த நிலங்களை மூழ்கடித்தது. 1983இல் மதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது, தம்பானை வேடரிற் பலர் ஹெனானிகலைக்குக் குடியமர்த்தப்பட்டனர். தலைவர் ஊருவரிகே திஸ்ஸஹாமி வெளியேற மறுத்தார். வேட்டையும் தேனெடுப்பும் ஒரே நாளிற் குற்றங்களாயின. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் பழைமையையே பாதுகாப்புக்குரிய தகுதியாகக் கொள்வது. ஆண்டுதோறும் நடந்து பயன்படுத்தும் பாதையையும் தேன்பாறையையும் அச்சட்டத்துள் அடக்குதல் அரிது.

அவுஸ்திரேலியாவின் அனுபவம் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. 1968இல் முங்கோ ஏரிக்கரையில் கண்டெடுக்கப்பட்ட தொன்மையான பெண்ணின் எலும்புகள் 1992இல் அந்நிலத்து ஆதிக்குடிகளிடமே மீள ஒப்படைக்கப்பட்டன. உளுறு – கற்றா யுட்டா முதலில் இயற்கைச் சிறப்பிற்காகவே 1987இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. 1994இல் பண்பாட்டு நிலத்தோற்றமாகவும் ஏற்கப்பட்டது. ஆயின் அளவை மாத்திரம் காப்பாகிவிடாது. ஜூகன் பள்ளத்தாக்கிற் கிடைத்த 4,000 ஆண்டுப் பழைமையான தலைமயிர்ப் பின்னல், மரபணுவால் இன்றைய உரிமையாளருடன் இணைக்கப்பட்டிருந்தும், அங்குள்ள 46,000 ஆண்டுத் தொன்மைவாய்ந்த குகை 2020இல் இரும்புத்தாது அகழ்விற்காகத் தகர்க்கப்பட்டது. குகையின் சிறப்பு அறியப்பட்டிருந்தது. தடுத்து நிறுத்தும் அதிகாரமே அக்குடிகளிடம் இருக்கவில்லை.

அதே 2020இல், பொல்லேபெத்த – ரம்பக்கன் ஓயாக் காடு சோளச் செய்கைக்காக அழிக்கப்படுவதை எதிர்த்து வேடர் தலைவர் மேன்முறையீட்டு நீதிமன்றை நாடினார். இத்தகைய வழக்குகளில் மூதாதையர் நிலம் யாதென நிறுவ வேண்டியுள்ளது. ஆகவே அளவை என்பது அறிவுத்தேட்டம் மட்டுமன்று; உரிமைக்கான சான்றுமாகும்.

தமிழ் மாணவருக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. வாகரை, மூதூர் பகுதிகளில் வாழும் கரையோர வேடர் தமிழையே பேசுவோர். மீன்பிடியும் சேனைப்பயிரும் அவர்தம் வாழ்வு. குகையையும் கற்கருவியையும் மாத்திரம் தேடும் அளவையில் அவர்தம் நிலம் வெற்றிடமாகவே தோன்றும். துறைகளின் பெயர்களையும், வழிபாட்டு மரங்களையும், பழைய பாதைகளையும் முதியோர் வாய்மொழியாகக் கேட்டு, அவர்களுடன் நடந்து, வரைபடத்திற் குறித்தல் வேண்டும். எதைக் குறிப்பது, எதை மறைவாக வைப்பது என்பதை முடிவுசெய்யும் உரிமையும் அவர்களுக்கே உரியது. மொழியறிந்த மாணவர் இப்பணியை மேற்கொள்வராயின், ஆய்வுப்பொருளாக மட்டுமே நோக்கப்பட்ட ஒரு சமூகம் தன் வரலாற்றைத் தானே உரைக்கும் நிலை உருவாகும்.