தறியடியிலிருந்து பல்கலைக்கழகம்

நெசவு கற்கத் தறியடி போதாதா, பல்கலைக்கழகம் எதற்கு என்று கேட்கலாம். 1867இல் பாரிஸ் பொருட்காட்சியில் அயல்நாட்டுச் சரக்குகளின் தரத்தைக் கண்டு இங்கிலாந்து கலங்கியது. கம்பளித் துணிக்குப் பேர்போன லீட்ஸ் நகரில் 1874இல் யார்க்‌ஷயர் அறிவியல் கல்லூரி திறக்கப்பட்டது. இலண்டனின் பழைய துணித்தொழிற் சங்கம் ஒன்று பொருளுதவி செய்ய, அங்கே நெசவுத்துறை வளர்ந்தது. சாயத்தொழிலும் பாடமாயிற்று. 1904இல் அக்கல்லூரியே லீட்ஸ் பல்கலைக்கழகமானது. தறிக்காரரின் கைவேலை பட்டப்படிப்பானது சிறிய காரியமா?

1928இல் அங்கு வந்த ஆஸ்ட்பரி என்ற அறிஞர் கம்பளி இழையை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தார். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும்; அதன் காரணத்தை இழையின் உள்ளமைப்பிலேயே தேடினார். வெறும் ஆட்டு மயிர்தானே என்று அவர் ஒதுக்கவில்லை.

இன்று அங்கே ஆடைத்தொழில் நிர்வாகமும் கற்பிக்கிறார்கள். துணி எங்கே வாங்குவது, எத்தனை தைப்பது, என்ன விலை வைப்பது என்பதெல்லாம் இப்போது வகுப்பறைக் கணக்கு.