சுவாச வைரஸ் எதிர்மருந்துகள்

மூக்கு, தொண்டை, நுரையீரல் ஆகியவற்றைத் தாக்கும் வைரஸ்கள் உடலுக்குள் பெருகுவதைத் தடுக்கும் மருந்துகளே சுவாச வைரஸ் எதிர்மருந்துகள். பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மருந்துகள் வைரஸிடம் வேலை செய்வதில்லை. வைரஸ் மனித உயிரணுவின் உட்கருவிகளைக் கொண்டே தன்னைப் படியெடுத்துக்கொள்வதால், உயிரணுவுக்குக் கேடு வராமல் வைரஸை மட்டும் தடுப்பது கடினம். நோய் தொடங்கிய முதல் சில நாட்களிலேயே வைரஸ் உச்ச அளவை எட்டிவிடுவது இன்னொரு தடை. இம்மருந்துகளின் அறுபதாண்டு வரலாறு இந்த இரண்டு தடைகளோடும் நடந்த போராட்டமே. அதன் இந்தியப் பகுதியில் பெங்களூருவுக்கு முக்கியமான இடம் உண்டு.

தொடக்கக் காலம்

வைரஸ் தாக்கும்போது உடலே சுரக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை 1957இல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மன் இருவரும் கண்டறிந்தனர். வைரஸை மருந்தால் அடக்க முடியும் என்ற நம்பிக்கையை அது வளர்த்தது. 1966இல் அமெரிக்காவில் அமன்டடின் ஒப்புதல் பெற்று, ஃப்ளூவுக்கான முதல் மருந்தானது. இன்ஃப்ளுயன்சா ஏ வைரஸின் எம்2 என்ற புரத வாயிலை அது அடைக்கும். ஆனால் வைரஸ் எளிதில் உருமாறித் தப்பியது. 2000களின் இறுதிக்குள் இம்மருந்து ஏறக்குறையப் பயனற்றுப்போனது. 1970களில் அறிமுகமான ரிபாவிரின், 1980களின் நடுவில் ஆர்.எஸ்.வி. என்ற சுவாச வைரஸ் தொற்றிய குழந்தைகளுக்கு மூச்சுவழி தரும் மருந்தாக ஒப்புதல் பெற்றது. எனினும் அதன் பயன் குறைவாகவே இருந்தது.

வடிவம் அறிந்து செய்த மருந்து

1983இல் ஆஸ்திரேலியாவில் ஜோசப் வர்கீஸ், கிரேம் லேவர், பீட்டர் கோல்மன் ஆகியோர் ஃப்ளூ வைரஸின் மேற்பரப்பில் உள்ள நியூராமினிடேஸ் நொதியின் முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டனர். புதிதாகப் பிறந்த வைரஸ்களை உயிரணுவிலிருந்து வெட்டி விடுவிக்கும் கத்தரிக்கோல் இந்த நொதி. அதன் வெட்டுவாயில் பொருந்தி அடைத்துக்கொள்ளும் வகையில் மூலக்கூறுகள் வடிவமைக்கப்பட்டன. அவற்றில் ஸனாமிவிர், ஒசெல்டாமிவிர் இரண்டும் 1999இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றன.

விழுங்கும் மருந்தான ஒசெல்டாமிவிர், டாமிஃப்ளூ என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. அதைத் தயாரிக்கத் தேவையான ஷிகிமிக் அமிலம் பெரும்பாலும் அன்னாசிப்பூவிலிருந்து எடுக்கப்பட்டது. நம் பிரியாணியில் சேரும் அதே மசாலாப் பொருள்தான். பறவைக் காய்ச்சல் அச்சத்தில் 2005இல் நாடுகள் மருந்தைக் குவித்தபோது இந்த மூலப்பொருளுக்குத் தட்டுப்பாடு வந்தது. பின்னர் பாக்டீரியா நொதித்தல் வழியாகவும் அதை உற்பத்தி செய்தனர்.

இந்தியாவில்: 2005 முதல் 2017 வரை

டாமிஃப்ளூவை விற்ற ரோஷ் நிறுவனம் 2005 டிசம்பரில் ஹைதராபாத்தின் ஹெட்டெரோவுக்கு ஒசெல்டாமிவிர் தயாரிக்கும் உரிமம் அளித்தது. சிப்லா தன் சொந்த முயற்சியில் தயாரித்தது. 2009 மார்ச்சில், ஒசெல்டாமிவிரை உருவாக்கிய கிலியட் நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பத்தை இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. அடுத்த சில வாரங்களில் எச்1என்1 பன்றிக்காய்ச்சல் உலகெங்கும் பரவியது.

அப்போது பெங்களூருவில் சோமேஸ்வர நகரிலுள்ள ராஜீவ் காந்தி நெஞ்சக நோய் நிலையம் முதன்மைச் சிகிச்சை மையமானது. அந்த வளாகம் முன்பு காசநோய் மருத்துவமனையாக இருந்தது. மருந்து முதலில் அரசு மருத்துவமனைகளில் மட்டுமே கிடைத்தது. 2009 செப்டம்பரில்தான், மருந்து விதிகளின் கடுமையான எக்ஸ் அட்டவணையின் கீழ், குறிப்பிட்ட மருந்துக்கடைகளில் விற்க அனுமதி வந்தது. 48 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய மருந்துக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது என்ற கருத்து வலுத்தது. 2017இல் அது கட்டுப்பாடு குறைந்த எச்1 அட்டவணைக்கு மாற்றப்பட்டுப் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது.

கோவிட் காலத்தில் பெங்களூரு

எபோலாவுக்காகச் சோதிக்கப்பட்டிருந்த ரெம்டெசிவிர், 2020 மே மாதம் அமெரிக்காவில் கோவிட் சிகிச்சைக்கு அவசர அனுமதி பெற்றது. கிலியட் வழங்கிய உரிமத்தின்படி இந்தியாவில் ஏழு நிறுவனங்கள் அதைத் தயாரித்தன. மைலன் தன் ‘டெஸ்ரெம்’ ஊசிமருந்தைப் பெங்களூரு ஆலையில் தயாரித்து, 2020 ஜூலையில் ஒரு குப்பி 4,800 ரூபாய்க்கு வெளியிட்டது. பெங்களூருவின் சின்ஜீன் நிறுவனமும் அந்த ஏழில் ஒன்று. அதே நகரத்தின் ஸ்ட்ரைட்ஸ் ஃபார்மா, ஜப்பானில் உருவான ஃபேவிபிராவிரை மாத்திரையாகச் செய்து 2020 மே மாதத்திலேயே ஏற்றுமதியைத் தொடங்கியது.

2021 ஏப்ரலில் இரண்டாம் அலை அடித்தபோது தேவை கட்டுக்கடங்காமல் போனது. ஏப்ரல் 11 அன்று ரெம்டெசிவிர் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. சில நாட்களில் டெஸ்ரெம் விலை 3,400 ரூபாயாகக் குறைந்தது. சென்னையிலும், கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் நோயாளிகளின் உறவினர்கள் ரெம்டெசிவிருக்காக இரவுபகலாக வரிசையில் நின்றனர்.

அந்த மருந்தின் பயனோ வரம்புக்குட்பட்டது. இந்தியாவும் பங்கேற்ற உலக சுகாதார நிறுவனத்தின் ‘சாலிடாரிட்டி’ ஆய்வு, மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் இறப்பை அது பெரிதாகக் குறைக்கவில்லை என்று 2020 அக்டோபரிலேயே சொல்லியிருந்தது. ஆனால் 2021 இறுதியில் வெளியான மற்றோர் ஆய்வில், ஆபத்து மிகுந்தவர்களுக்கு நோயின் தொடக்கத்திலேயே மூன்று நாட்கள் கொடுத்தபோது, மருத்துவமனையில் சேரும் நிலை 87 சதவீதம் குறைந்தது. மருந்து ஒன்றே, கொடுத்த நேரம்தான் வேறு. 2021 இறுதியில் அவசர அனுமதி பெற்ற நிர்மாட்ரெல்விர்-ரிட்டோனாவிர் மாத்திரைகளையும் அறிகுறி தோன்றிய ஐந்து நாட்களுக்குள் தொடங்க வேண்டும்.

இன்றைய நிலை

2025 ஜனவரி 6 அன்று பெங்களூருவில் இரண்டு கைக்குழந்தைகளிடம் எச்.எம்.பி.வி. என்ற சுவாச வைரஸின் தொற்று உறுதியானது. 2001இல் நெதர்லாந்தில் கண்டறியப்பட்ட இந்த வைரஸுக்கு ஒப்புதல் பெற்ற எதிர்மருந்து இன்னும் இல்லை. சாதாரண சளியை உண்டாக்கும் ரைனோ வைரஸுக்கும் இல்லை.

புதிய மூலக்கூறுகளைக் கண்டுபிடித்தவை பெரும்பாலும் பிற நாட்டு ஆய்வகங்கள்; அவற்றைப் பெருமளவில் தயாரித்ததே இந்தியாவின் பங்கு. அந்தத் திறன் முழுப் பயன் தர, காய்ச்சல் கண்ட முதல் இரண்டு நாட்களில் பரிசோதனையும் மருந்தும் ஏழையின் கைக்கும் எட்ட வேண்டும். முதியோர், கர்ப்பிணிகள், நாட்பட்ட நோயுள்ளோர் காய்ச்சலோடு இருமலோ மூச்சுத்திணறலோ கண்டால் காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்வதே இவ்வரலாறு தரும் பாடம்.