ஜகதலப்பிரதாபன்: அஞ்சு சின்னப்பா

கோயம்புத்தூர் ஸ்ரீராமுலு நாயுடு இயக்கி 1944-ல் வந்த மாயாஜாலப் படமுங்க 'ஜகதலப்பிரதாபன்'. தேவலோகப் பெண்கள் மேல ஆசைப்பட்ட இளவரசன் கதை. கதாநாயகன் பி.யூ.சின்னப்பா.

லட்சணம்னா அன்னிக்கு பாகவதர்தான். சின்னப்பாவுக்கு குஸ்தியும் சிலம்பமும் பழகின கட்டுடம்பு. இளவரசனுக்குண்டான நளினம் கம்மிங்க. வசனத்துலயும் நாடகமேடை வாசம் அடிக்கும்.

ஆனா அந்தக் கச்சேரிக் காட்சி இருக்குதுங்களே! பாடுறவர், மிருதங்கக்காரர், பக்கத்துல உட்கார்ந்திருக்கறவங்க, அஞ்சு பேரும் அவரே. கம்ப்யூட்டர் இல்லாத காலம். பக்கத்துல ஆளே இல்லாம, ஆள் இருக்கிற மாதிரி தாளம் பிசகாம நடிச்சிருக்கணும். அழகை மட்டும் வெச்சுக்கிட்டு அதைச் செய்ய முடியுங்களா?

1951-ல், 35 வயசுல போயிட்டார். எங்கப்பா கடைசி வரைக்கும் சின்னப்பா கட்சிதான். நானும் அப்படித்தானுங்க.